தண்ணீரைச் சோதிக்காமல் வாஷிங் மெஷின் மாட்டாதீர்கள்

ஏழெட்டு வருடம் ஓடிய ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷினின் டப்பைக் கழற்றிப் பார்த்தால், துணி புரளும் ட்ரம்மின் உட்புறம் புதுப் பாத்திரம் மாதிரி பளபளக்கும். அதே ட்ரம்மின் வெளிப்புறத்திலும், அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் டப்பின் சுவரிலும் சாம்பல் நிறத்தில் படிவு அப்பியிருக்கும். துணி போட்டு எடுக்கும் யாருக்கும் இந்தப் பக்கம் கண்ணில் படாது. துவைக்கும் தண்ணீர் மட்டும் ஒவ்வொரு முறையும் அதை உரசிக்கொண்டுதான் துணிக்கு வருகிறது. நகத்தால் சுரண்டினால் மேல்பகுதி வழவழவென்றும் அடிப்பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். மேலே இருப்பது எண்ணெய், சோப்பு, நுண்ணுயிரிகள் எல்லாம் சேர்ந்த பிசுக்கு. அடியில் இருப்பது சுண்ணாம்பு. இந்த இரண்டையும் ஒரே அழுக்கு என்று நினைத்து ஒரே மருந்தைக் கொட்டுவதால்தான் பல வீடுகளில் மெஷின் பராமரிப்பு பலன் தராமல் போகிறது. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்ல வேண்டிய நிறுவனங்கள், மெஷினை மாட்ட வரும்போது வீட்டுத் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இது மாற வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500, 2012), தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. இது குடிப்பதற்கான வரம்பு. மெஷினுக்கு இது என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடினத்தன்மை 300 உள்ள போர் தண்ணீர், ஒரு சலவைக்கு 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 18 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு மெஷினுக்குள் போகிறது. வருடத்துக்கு 200 சலவை என்றால் 3.6 கிலோ. பெரும்பகுதி கழிவுநீரோடு வெளியே போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் தங்குவது நூற்றில் ஒரு பங்கு என்றாலும், ஐந்து வருடத்தில் 180 கிராம் சுண்ணாம்பு ஹீட்டரிலும் டப்பிலும் ஒட்டியிருக்கும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் மட்டுமே ஓடும் மெஷினையும், நாலு தெரு தள்ளி ஆழ்துளைக் கிணற்றை நம்பி ஓடும் அதே மாடல் மெஷினையும் பிரித்தால், இரண்டும் ஒரே வயது என்று யாரும் நம்ப மாட்டார்கள். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கின்றன. அங்கே இந்த மாதத் தண்ணீர் போன மாதத் தண்ணீர் அல்ல.

இங்கே ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீரைச் சிக்கனப்படுத்தும் நல்ல எண்ணத்தில், ஆர்.ஓ. சுத்திகரிப்பானின் கழிவுநீரைப் பிடித்து வாஷிங் மெஷினில் ஊற்றுகிறார்கள். சுத்திகரிப்பான் விலக்கித் தள்ளிய உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் இருக்கிறது. அதாவது, குழாயில் வருவதைவிடக் கடினமான தண்ணீரை மெஷினுக்குக் கொடுக்கிறார்கள். அந்த நீரால் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். மெஷினுக்கு வேண்டாம்.

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டும் விற்பனையாளரை நம்பியும் முடிவெடுக்க வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும் கருவி. சோடியம் உப்பு மெஷினில் சுண்ணாம்பாகப் படியாது. கால்சியமும் மெக்னீசியமும்தான் வேலையைக் காட்டும். அவற்றை அளக்கக் கடினத்தன்மைக்கென்றே காகிதப் பட்டைகள் இருக்கின்றன; தண்ணீரில் நனைத்து நிறத்தை ஒப்பிட்டால் போதும். அதுவும் கைவசம் இல்லையென்றால், ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் இன்னொன்றில் ஆர்.ஓ. குடிநீரும் பாதியளவு எடுத்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழும்பாமல் தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துகள் மிதந்தால், உங்கள் தண்ணீர் கடினமானது.

பச்சைத் தண்ணீரில் துவைத்தால் சுண்ணாம்பு படியாது என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் சூடாகும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து ஹீட்டரின் மேல் கெட்டியாகப் படிவது உண்மை. ஆனால் சோப்புத் தூளில் இருக்கும் சோடா உப்பு, சூடே இல்லாமலும் கால்சியத்தைப் படிய வைக்கும். அதோடு, பச்சைத் தண்ணீரிலேயே எப்போதும் துவைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு கரையாது. நம் வீட்டுத் துணிகளை நினைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையணை உறை, நெய் துடைத்த சமையலறைத் துண்டு, கஞ்சி போட்டு உடுத்திய வேட்டி. இந்த எண்ணெயும் மாவுச்சத்தும் டப்பின் சுவரில் ஒட்டி, ஈரத்தோடு மூடிக் கிடந்தால், பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துவைத்த துணியிலேயே வாடை வருகிறது என்று சொல்லாத வீடு குறைவு. மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவுக்கு இந்த வாடையில் முக்கியப் பங்கு இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-ல் எடுத்துக்காட்டினார்கள். மழையைக் குறை சொல்வதற்கு முன்னால் மெஷினின் ரப்பரை விரித்துப் பார்க்க வேண்டும்.

இது வெறும் வாடைப் பிரச்சினை மட்டுமல்ல. 2012-13-ல் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில், மருந்துகளுக்கு எளிதில் கட்டுப்படாத கிளெப்சியெல்லா ஆக்ஸிடோகா என்ற பாக்டீரியா குழந்தைகளின் உடலில் மீண்டும் மீண்டும் தென்பட்டது. ஊழியர்களிடமோ இன்குபேட்டர்களிலோ அது இல்லை. தேடிக்கொண்டே போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் ஒரு வீட்டு உபயோக வாஷிங் மெஷின். சோப்புத் தூள் பெட்டியிலும் கதவு ரப்பரிலும் அது குடியிருந்தது. குழந்தைகளின் கம்பளித் தொப்பியும் காலுறையும் அதில்தான் துவைக்கப்பட்டிருந்தன. நல்லவேளையாகக் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை, கிருமி மட்டும் ஒட்டியிருந்தது. மெஷினை அகற்றியதும் பரவலும் நின்றது. பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 2019-ல் வெளியிட்டார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். கைக்குழந்தை, நோயெதிர்ப்புக் குறைந்த முதியவர், புண்ணோடு இருக்கும் சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளில் இதைப் பொருட்படுத்தத்தான் வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். பிசுக்குக்குக் காரமும் சூடும் வேண்டும். சுண்ணாம்புக்கு அமிலம் வேண்டும். கடைகளில் ‘மெஷின் க்ளீனர்’ என்று ஏறக்குறைய ஒரே மாதிரி உறையில் விற்கும் பாக்கெட்டுகளில் சில சோடியம் பெர்கார்பனேட், சில சிட்ரிக் அமிலம். உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கினால், சுண்ணாம்புக்குக் காரத்தையும் பிசுக்குக்கு அமிலத்தையும் கொட்டுவோம். முதலில் பிசுக்கை எடுக்க வேண்டும். அது மேலே மூடியிருக்கும்வரை அமிலம் சுண்ணாம்பைத் தொடவே முடியாது. துணி இல்லாமல், பெர்கார்பனேட் தூளைப் போட்டு, 60 டிகிரியிலோ ‘டப் க்ளீன்’ அமைப்பிலோ ஒரு சுற்று ஓட்டுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோட் என்றால், கையேடு அனுமதிக்கும் சூட்டில் வெந்நீரை ஊற்றி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு ஓட்டலாம். வேறொரு நாளில் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கிடைப்பது. அந்தச் சுற்று முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசி விடுங்கள்.

அமிலத்திடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. வேதியியல் கணக்குப்படி 100 கிராம் சிட்ரிக் அமிலம் அதிகபட்சம் 78 கிராம் சுண்ணாம்பைத்தான் கரைக்கும். ஐந்து வருடம் கவனிக்காமல் விட்டு, ஒரு பாக்கெட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்றால் நடக்காது. கடினத்தன்மை 300-க்கு மேல் இருக்கும் வீட்டில் மாதம் ஒருமுறையும், 200-க்குள் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் என்பது என் பரிந்துரை. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்கி நுரைக்கும், அவ்வளவுதான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை ஒன்று. ப்ளீச்சிங் பவுடர், குளோரின் ப்ளீச் இவற்றோடு எந்த அமிலமும் சேரக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது பேராபத்து. கழிப்பறை கழுவும் ஆசிட்டை மெஷினில் ஊற்றவே ஊற்றாதீர்கள். ட்ரம்மின் எஃகையே அது அரித்துவிடும்.

தூளின் அளவைப் பொறுத்தவரை நம் கை தாராளம். நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்பது கல்லில் அடித்துத் துவைத்த காலத்து நம்பிக்கை. மெஷினில் மிஞ்சிய நுரை துணியின் உரசலைக் குறைக்கும், பம்ப்பைத் திணற வைக்கும், அலசலில் போகாமல் ட்ரம்மின் பின்னால் தங்கும். அங்கேதான் ஸ்பைடர் இருக்கிறது: ட்ரம்மைத் தாங்கும் மூன்று கை அலுமினிய உலோகக் கலவை. காரத்தன்மையுள்ள சோப்பு எச்சம் அலுமினியத்தை மெல்ல மெல்லத் தின்னும். ஒரு நாள் ஸ்பின்னில் ட்ரம் டபடபவென்று டப்பில் இடிக்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு அது தெரியவரும். கைத்துவையலுக்கான தூளை மெஷினில் போடாதீர்கள். கஞ்சியை மெஷினில் ஊற்றாமல் தனி வாளியில் போட்டுக்கொள்ளுங்கள். கம்ஃபர்ட் வகைத் திரவங்களும் பிசுக்கின் பங்காளிகள்தான். துண்டுகளுக்கு அவை தேவையே இல்லை.

டிரெயின் ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாது. பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மெஷின்களில் கீழே மூலையில் ஒரு சிறு மூடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று பார்த்து, தட்டையான பாத்திரம் ஒன்றை வைத்து, சிறு குழாய் இருந்தால் முதலில் அதில் தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். உள்ளே ஊக்கு, ரவிக்கை ஹூக், நாணயம், முடிச்சுருள் எல்லாம் கிடக்கும். இதற்கு மெக்கானிக் வேண்டாம். தண்ணீர் வடியவில்லை என்று வரும் அழைப்புகளில் எத்தனையோ இந்த மூடியோடு முடிந்துவிடும். தண்ணீர் ஏறவில்லை என்றால் பின்பக்கம் இன்லெட் குழாய் மாட்டும் இடத்தில் உள்ள சல்லடையைக் கழுவுங்கள். டாப் லோட்டில் பஞ்சுப் பையை வாரம் ஒருமுறை உதறிக் கழுவினால் போதும். அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷின்களுக்கு எலி வலை போடுங்கள். வயரைக் கடித்துப் போடும் எலியால் போர்டே போய்விடும்.

சலவை முடிந்ததும் கதவு ரப்பரின் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவையும் தூள் பெட்டியையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குழந்தை ஏறி உள்ளே போக முடியாதபடி, அந்த அறையின் கதவு சாத்தப்பட்டிருக்க வேண்டும். இதெல்லாம் இன்றும் வீட்டுப் பெண்களின் வேலைப் பட்டியலிலேயே சேர்கிறது. மெஷின் வந்தும் இந்த வேலை ஒருவர் தலையிலேயே விழுவது எனக்கு உடன்பாடில்லை. திருகுவதும் துடைப்பதும் வீட்டில் யாரும் செய்யக்கூடியவை.

ஆனால் வீட்டுக்காரர்களிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமல்ல. டெமோவுக்கு வருபவர் பொத்தான்களைக் காட்டுகிறார், சுண்ணாம்பு நீக்கும் தூளை விற்கிறார், கிளம்பிவிடுகிறார். மெஷினை மாட்டும் அன்றே காகிதப் பட்டையால் தண்ணீரைச் சோதித்து, அந்த எண்ணையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு நீக்க வேண்டும் என்பதையும் வாரன்டி அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும். டிரெயின் ஃபில்டரை வாங்கியவர் கையாலேயே ஒருமுறை திறக்க வைக்க வேண்டும். கையேடு தமிழில் இருக்க வேண்டும். இதற்கு நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஒரு காகிதப் பட்டையும் அரைமணி நேரமும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் உதிரிபாகம். ஒரு பேரிங் போனால் பேரிங்கை மாற்ற வேண்டும். இப்போது வரும் சில மாடல்களில் டப்பின் இரு பாதிகளையும் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங்குக்காக முழு டப்பையே வாங்கச் சொல்கிறார்கள். மெஷின் விலையில் பெரும்பகுதியைக் கேட்கும்போது, வாடிக்கையாளர் புதிதாகவே வாங்கிவிடுகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், ஒரு மாடலின் கடைசி மெஷின் சந்தைக்கு வந்தபின் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். பம்ப், ஹீட்டர், ஸ்பைடர், பேரிங் பழுதுபார்ப்பவருக்கும், கதவு ரப்பரும் தூள் பெட்டியும் வீட்டுக்காரருக்கே நேரடியாகவும் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். வாஷிங் மெஷினுக்கு அதே அளவு தெளிவான கட்டாய விதியாக அது வளர வேண்டும்.

அதுவரை, கடையில் பணம் கட்டும் முன் டப் பிரிக்கக்கூடியதா, பேரிங் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். பதிலை வாய்ப்பேச்சாக விடாமல் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

- கட்டுரையாளர், வீட்டு உபயோகச் சாதனங்கள் பழுதுநீக்கும் தொழில்நுட்பர், பயிற்றுநர்