ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க... அப்போ டோக்கன் எப்படி வாங்குறது?

"வயசானவங்களுக்கு செல்போன் யூஸ் பண்ணத் தெரியல."

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எனக்கு இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே இப்பல்லாம் பிரஷர் ஏறுது. மீட்டிங்கில் சொல்றாங்க. கவுண்ட்டரில் சொல்றாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வரும் மகனும் சொல்றார். கடைசியில் அந்த அம்மாவே தலையைக் குனிஞ்சுக்கிட்டு "எனக்கு என்னய்யா தெரியும், நான் படிக்காதவ" என்கிறார்.

தெரியலைன்னு யார் முடிவு பண்ணது?

அதே அம்மா வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்புறாங்க. வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு வீடியோ காலில் பேசுறாங்க. யூடியூப்பில் மைக்கை அழுத்தி, வேணும்கிற பாட்டைத் தமிழ்லயே கேட்டு வாங்குறாங்க. அவங்களால முடியாதது ரெண்டுதான். ஒண்ணு லாகின். இன்னொண்ணு, கண்ணுக்குத் தெரியாத எழுத்து. ரெண்டையும் அவங்க உருவாக்கல. நாம உருவாக்கி அவங்க தலையில் கட்டிட்டு, அவங்களுக்குத் தெரியலைன்னு சர்டிபிகேட்டும் கொடுக்குறோம்.

கொஞ்சம் நீளமான பதிவு சொந்தங்களே. பொறுமையா படிங்க.

முதல்ல ஓடிபி.

"இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம்." வங்கி சொல்லுது. போலீஸ் சொல்லுது. நாங்களும் நோயாளிகளுக்குச் சொல்றோம். ரொம்பச் சரி.

இப்போ ஒரு சாதாரணக் குடும்பத்துப் பெரியவர் எங்கெல்லாம் ஓடிபி சொல்ல வேண்டியிருக்குன்னு எண்ணிப் பாருங்க. சிலிண்டர் கொண்டு வரும் தம்பியிடம். பார்சல் கொண்டு வருபவரிடம். சான்றிதழ் எடுக்கப் போனால் இ-சேவை மையத்தில். மருத்துவமனை கவுண்ட்டரில் 14 இலக்க ஆபா எண் உருவாக்க. அதுவும் எப்படி? கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, உள்ளே இருப்பவருக்குக் கேக்கணும்னு சத்தமா. பின்னாடி வரிசையில் நிக்கிற பத்துப் பேருக்கும் கேக்கும்.

முன்பின் தெரியாத ஆளிடம் ஆறு நம்பரைச் சொல்லி வேலையை முடிச்சுக்கிறதுதான் வழக்கம்னு ஒரு மனுஷனை வருஷக்கணக்கில் பழக்கிடுறோம். அப்புறம் ஒருநாள் திருடன் போன் பண்ணி, அதே மாதிரி மரியாதையா, அதே ஆறு நம்பரைக் கேக்குறான். அவர் சொல்லிடுறார். உடனே என்ன சொல்றோம்? "விழிப்புணர்வு இல்ல."

விழிப்புணர்வைக் கெடுத்தது யாருங்க?

(ஏமாந்துட்டீங்கன்னா வெட்கப்படாதீங்க, யோசிக்காதீங்க. உடனே 1930க்குப் போன் பண்ணுங்க. நேரம் போகப் போக பணம் கைமாறிக்கிட்டே இருக்கும்.)

அடுத்து, அந்த ஓடிபி யார் போனுக்கு வருது?

ஊர்ப்பக்கம் எத்தனையோ வீட்டில் ஆதாரோடு இணைச்ச நம்பர் மகனுடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெஷினில் நிப்பார். அம்மா இங்கே பக்கத்தில் நிக்கிறவர் போனை வாங்கி அவருக்கு அடிக்கிறாங்க. எடுக்கல. சூப்பர்வைசர் நகர்ந்த பிறகு அவர் திரும்பக் கூப்பிடும்போது ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்புன்னா "சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்". அந்தச் சிறிது நேரத்தில் ஓபி சீட்டு நேரம் முடிஞ்சிடும். அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு, மாத்திரையும் இல்ல. சர்க்கரை மாத்திரை இல்லாம ஒரு வாரம் ஓட்டிட்டு, அடுத்த முறை காலில் புண்ணோடு வருவாங்க. "ஏன்மா ஒழுங்கா வரல"ன்னு நாங்க திட்டுவோம்.

ஒரு போர்ட்டலில் இதைவிட அருமையான வசதி ஒண்ணு இருக்கு. தொலைஞ்சுபோன பழைய நம்பரை மாத்தணும்னா, உறுதிப்படுத்த ஓடிபி வரும். எங்கே? அந்தப் பழைய நம்பருக்கு.

சிரிக்கலாம். ஆனா இதில் சிரிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. அதைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

பல பெண்களுக்குச் சொந்தமா போன் கிடையாது. இருந்தாலும் பதிவான நம்பர் கணவருடையது. இப்போ அந்தப் பெண் எங்களிடம் எதுக்காகவெல்லாம் வருவாங்க? வெள்ளைப்படுதல். பால்வினை நோய்ப் பரிசோதனை. கருத்தடை. சில நேரம் கருக்கலைப்பு. சில நேரம் கணவர் அடிச்ச காயம்.

எச்ஐவி தொற்றாளரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாதுன்னு 2017 சட்டம் சொல்லுது. கருக்கலைப்பு செய்த பெண்ணின் அடையாளத்தைக் காக்கணும்னு 2021 சட்டத் திருத்தம் சொல்லுது. மீறினால் தண்டனையும் உண்டு. வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை சொன்னால் குற்றம். ஆனா அவங்க மருத்துவமனையில் பதிவு பண்ண அதே நிமிஷம், கணவர் போனில் "டிங்"னு ஒரு மெசேஜ் விழுது. இன்ன மருத்துவமனை, இன்ன பிரிவு, இன்ன நேரம். இதுக்கு யார் மேல கேஸ் போடுறது? மென்பொருள் மேலயா?

வடிவமைச்சவருக்கு இது தோணியே இருக்காது. ஏன்னா அவர் உலகத்தில் ஒரு ஆளுக்கு ஒரு போன். எங்க வார்டில் ஒரு போனுக்கு நாலு ஆள்.

இப்போ கண்ணுக்கு வருவோம். இது என் ஏரியா.

நாற்பது வயசுக்கு மேல கண்ணில் இருக்கும் லென்ஸ் இறுகத் தொடங்கும். கிட்டத்தில் இருப்பது மங்கும். இதுதான் வெள்ளெழுத்து. இது நோய் இல்லை, வயசு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும். அதுக்கு மேல வயசாக ஆக லென்ஸ் மஞ்சளாகும், கண்பாவை சுருங்கும். இருபது வயசுக்காரர் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்குதான் அறுபது வயசுக்காரருக்குப் போகும். கான்ட்ராஸ்ட்டைப் பிரிச்சறியும் திறனும் குறையும். கூடவே சர்க்கரையால் விழித்திரை பாதிப்பு, புரை, க்ளாக்கோமா.

இந்தக் கண்ணுக்கு முன்னாடி நாம என்ன வைக்கிறோம்? வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. அதுவும் எறும்பு சைஸில். பார்க்க நாகரிகமா இருக்காம்!

கறுப்பு எழுத்துக்கும் வெள்ளைத் தாளுக்கும் என்ன பகைன்னு எனக்கு இன்னும் புரியல.

இது ரசனைப் பிரச்சினை இல்லைங்க. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 என்ற அளவில் கான்ட்ராஸ்ட் இருக்கணும், எழுத்தை இரண்டு மடங்கு பெரிசாக்கினாலும் பக்கம் உடையக் கூடாதுன்னு இணையத்துக்கான உலக அளவிலான அணுகல் தரம் பல வருஷமா சொல்லுது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி 2009லேயே வந்தாச்சு. 2023ல் மூணாவது பதிப்பும் வந்தாச்சு. புத்தகம் அலமாரியில் பத்திரமா இருக்கு.

"போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிசு பண்ணிக்கலாமே டாக்டர்?"

பண்ணலாம். நானே ஓபியில் நிறையப் பேருக்குப் பண்ணிக் கொடுக்குறேன். டிஸ்ப்ளேக்குள் போய் எழுத்து அளவை ஏத்திவிட்டதும் அவங்க முகம் மலர்றதைப் பார்க்கணுமே! ஆனா அடுத்து அந்த ஆப்பைத் திறந்தால், பெரிசான எழுத்து கட்டத்தைத் தாண்டி வழியுது. "சமர்ப்பி" பட்டன் திரைக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிஞ்சுக்குது. நகர்த்தினாலும் வர மாட்டேங்குது. ஆக, படிக்க முடிஞ்சால் அழுத்த முடியாது, அழுத்த முடிஞ்சால் படிக்க முடியாது.

டார்க் மோடுக்கும் இதே கதைதான். புரை இருப்பவர்களுக்கு வெள்ளைத் திரை கண்ணைக் கூசும், கறுப்புத் திரை சுகமா இருக்கலாம். ஆஸ்டிக்மாடிசம் இருப்பவர்களுக்கு நேர்மாறு. கறுப்பில் வெள்ளை எழுத்து கசிஞ்ச மாதிரி தெரியலாம். அதனால் எது நல்லதுன்னு அலுவலகத்தில் உக்காந்து யாரும் முடிவு பண்ண முடியாது. தேர்வு அவங்க கையில் இருக்கணும், அவ்வளவுதான். அந்தத் தேர்வு எங்கே இருக்கு? லாகின் பண்ணி, உள்ளே போய், சுயவிவரம் திறந்து, செட்டிங்ஸுக்குள்ள. தமிழுக்கு மாத்தும் வசதியும் பல இடத்தில் அங்கேதான். லாகின் பக்கம் முழுக்க இங்கிலீஷ். வீட்டைப் பூட்டிட்டு சாவியை உள்ளே வச்ச கதை.

கேப்ட்சா பத்தி ரெண்டு வார்த்தை. கோணல் மாணலா எழுத்தைப் போட்டு, மேல கோடு கிழிச்சு, "நீங்கள் மனிதர்தானா"ன்னு கேக்கும் பாருங்க, அதான். மெஷினைத் தடுக்க வந்தது. 2023ல் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் ஆய்வாளர்கள் சோதிச்சுப் பார்த்து, மனிதர்களைவிட மெஷின்கள்தான் அதை வேகமாவும் சரியாவும் முடிக்குதுன்னு காட்டினாங்க. ஆக இன்னிக்கு கேப்ட்சா யாரைத் தடுக்குது? புரை விழுந்த மனிதரை. கண் தெரியாதவங்களுக்கு ஆடியோ இருக்குன்னு சொல்வாங்க. ஒருமுறை போட்டுக் கேளுங்க. இரைச்சலுக்கு நடுவில் இங்கிலீஷ்ல ஏதோ முனகும்.

பாஸ்வேர்டு. இது எங்க சொந்தக் கஷ்டம். 90 நாளுக்கு ஒருமுறை மாத்தணும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேணும், பழசு கூடாது. விளைவு? ட்யூட்டி ரூம் மானிட்டர் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். இந்த விதிகளைப் பரப்பின 2003ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதா 2017ல் சொல்லிட்டார். அதே வருஷம் அந்த அமெரிக்க நிறுவனமும், கசிந்ததற்கு ஆதாரம் இல்லாமல் அடிக்கடி மாத்தச் சொல்லாதீங்கன்னு வழிகாட்டியைத் திருத்திடுச்சு. இங்கே அந்தச் சேதி இன்னும் வந்து சேரல போல.

நாற்பது கட்டம் நிரப்பிட்டு இருப்போம். பாம்புக்கடி ஒண்ணு வரும். ஓடுவோம். விஷமுறிவு மருந்து ஏத்தி, நோயாளி மூச்சு சீரான பிறகு திரும்பி வந்தால் "உங்கள் அமர்வு முடிந்தது". நாற்பது கட்டமும் காலி. முன்னெச்சரிக்கை கிடையாது, பாதியில் சேமிப்பும் கிடையாது. ராத்திரி மூணு மணிக்கு அந்த ஸ்டாஃப் நர்ஸ் சிஸ்டர் மறுபடி முதல்லேர்ந்து அடிக்கணும். அவங்க எவ்வளவு கவனமா அடிப்பாங்கன்னு நீங்களே யோசிங்க. அந்த எண்களை வச்சுத்தான் மேலே வரைபடம் போடுறாங்க.

"அப்போ பாதுகாப்பே வேண்டாமா டாக்டர்? நாளைக்கு டேட்டா திருட்டு போனால் நீங்கதானே கத்துவீங்க?"

நியாயமான கேள்வி. கண்டிப்பா கத்துவேன். பாதுகாப்பு வேணும். ஆனா பிளாஸ்திரியில் ஒட்டின பாஸ்வேர்டும், வரிசையில் கத்திச் சொன்ன ஓடிபியும் பாதுகாப்பு இல்லைங்க, பாதுகாப்பு மாதிரி ஒரு நாடகம். முறையைக் கடுமையாக்க ஆக்க மக்கள் குறுக்கு வழி தேடுவாங்க. இது மருந்துக்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை மாத்திரை எழுதிக் கொடுத்தால் அவர் மூணு வேளைதான் போடுவார். நல்ல டாக்டர் திட்டுவதில்லை, மருந்துச் சீட்டை மாத்துவார்.

இது சலுகை இல்லை, உரிமைன்னு உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டாங்க. ஆன்லைன் கேஒய்சியில் "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்றது கேமரா. சிமிட்ட இமையே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க? 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதின்னு தீர்ப்புச் சொல்லி, 20 உத்தரவுகளையும் போட்டது. சிமிட்டலுக்குப் பதிலா மாற்று வழி, உதவி மையம், காகித வழியும் தொடரணும், எல்லாம் அதில் இருக்கு.

நான் கேக்குறது ரொம்பச் சின்ன விஷயங்கள். தமிழும் எழுத்து அளவும் முதல் பக்கத்திலேயே, லாகினுக்கு வெளியே இருக்கட்டும். ஓடிபி வராதவங்களுக்கு அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கும் ஒரு கவுண்ட்டர் எப்பவும் திறந்திருக்கட்டும். மெசேஜில் பிரிவு பெயர் வர வேண்டாம், எந்த நம்பருக்கு அனுப்பலாம்னு அந்தப் பெண்ணிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பதிவு பண்ணுங்க. லாக்அவுட் ஆகும் முன்னாடி எங்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுங்க, அடிச்சதைச் சேமிச்சு வைங்க.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொடுத்த கெடுவுக்குள் முடிச்சுத் தர வேண்டிய நெருக்கடி உங்களுக்கும் உண்டு. ஒரே ஒரு உதவி. அடுத்த வெர்ஷனை வெளியிடும் முன்னாடி, ஏதாவது ஒரு திங்கட்கிழமை, ஏதாவது ஒரு அரசு மருத்துவமனை ஓபிக்குக் காலை ஏழரைக்கு வாங்க. எறும்பு வரிசை மாதிரி நிப்பாங்க. முதலில் நிக்கிற பாட்டியிடம் உங்க ஆப்பைக் கொடுத்துட்டு, வாயைத் திறக்காம பக்கத்தில் நில்லுங்க. டீ நான் வாங்கித் தரேன்.