ஜன்னலுக்குப் பேனர் கட்டுற சீசன் வந்தாச்சு: ஒரு நீண்ட இழை

ஐப்பசி பிறந்தா நம்ம புதுப்பட்டினம் பக்கம் ஒரு வேலை ஆரம்பிச்சுடும். பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கிழிச்சு ஜன்னலுக்கு வெளியே கட்டுறது, இடுக்குல நியூஸ்பேப்பரைச் சுருட்டி அடைக்கிறது, அதுக்கு மேல பிரவுன் டேப் ஒட்டுறது. கேட்டா, "மழை, பனி எல்லாம் வருது டாக்டர், வீட்ல பச்சப்புள்ள இருக்கு." தை முடியுற வரைக்கும் அந்த ஜன்னல் திறக்காது. இந்த இழை முழுக்க அந்த வழக்கத்துக்கு எதிராத்தான். பொறுமையா படிங்க.

முதல்ல, குளிர்னு நாம எதைச் சொல்றோம்? சென்னை நுங்கம்பாக்கத்துல இதுவரை பதிவானதுலேயே குறைஞ்ச வெப்பநிலை 13.9 டிகிரி. அதுவும் 1895 டிசம்பர்ல. நம்ம கடற்கரையில மார்கழி ராத்திரி பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். குளிர் நாடுகள்ல வீட்டுக்குள்ள குறைஞ்சது எவ்வளவு சூடு இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல சொன்ன அளவு 18 டிகிரி. அதாவது ஹீட்டர் போட்டு அவங்க வீட்டுக்குள்ள கொண்டுவரப் பார்க்கிற சூட்டை விட நம்ம தெருவே கதகதப்பு. அங்க பனி கொட்டுது, ஜன்னல் இடுக்கை அடைக்கிறாங்க, நியாயம். கடலுக்கு ஒரு கிலோமீட்டர்ல இருக்கிற நாம எதுக்கு அடைக்கிறோம்?

"பனிக்காத்து பட்டா சளி பிடிக்கும்" என்பது அடுத்த வாதம். சளி வைரஸால வருது. அந்த வைரஸ் வர்றது ஜன்னல் வழியா இல்ல, பக்கத்துல தும்முற ஆள்கிட்ட இருந்து. மூடின ரூம்ல ஒருத்தர் தும்மினா மிச்ச நாலு பேரும் விடிய விடிய அதே காத்தைத்தான் இழுக்குறாங்க. மழைக்காலத்துல வீடே வரிசையா படுக்குதே, அதுக்கு மூடின ஜன்னலும் ஒரு காரணம்.

ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குக் குளிர்ந்த காத்து நேரா மூஞ்சியில அடிச்சா வீசிங் வரலாம். அது உண்மை, மறுக்கல. கட்டிலை ரெண்டடி தள்ளிப் போடுங்க, காதுக்குத் துணி கட்டுங்க. ஜன்னலை மூடாதீங்க.

ஏன்னா மூடின ரூமுக்குள்ள என்ன நடக்குது? வெளியே காயாத துணியெல்லாம் உள்ளே கொடியில தொங்குது. அந்த ஈரம் சுவத்துல ஏறிக் கறுப்புப் பூஞ்சை பிடிக்குது. அந்தப் பூஞ்சையே ஆஸ்துமாவைக் கிளப்பும். அது போதாதுன்னு கொசுவத்திச் சுருள்.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்றேன். சீனா, மலேசியா சந்தையில வித்த சுருள்களை எரிச்சுப் பார்த்து 2003ல ஓர் ஆய்வு வந்தது. ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வர்ற நுண்துகள், 75ல இருந்து 137 சிகரெட் எரிஞ்சா வர்ற அளவு. "நம்ம ஊர் சுருள் அதுல இல்லையே"ன்னு கேப்பீங்க. சரி, பாதிக்கும் குறைவுன்னே வெச்சுக்குவோம். முப்பது சிகரெட் புகையை ஒரு வயசுக் குழந்தை தூங்குற, பேனர் கட்டின ரூம்ல விடுவீங்களா? அப்பா வீட்டுக்குள்ள ஒரு பீடி பத்த வெச்சா சண்டை போடுற வீட்லயும் கட்டிலுக்கு அடியில சுருள் எரியுது. ஒவ்வொரு கார்த்திகையிலயும் ராத்திரி நெபுலைசர் வெக்க வர்ற குழந்தைகளோட அம்மாக்கள்கிட்ட நான் முதல்ல கேக்குறது, "ஜன்னல் திறந்திருந்ததா, சுருள் வெச்சீங்களா?" பதில் பெரும்பாலும் ஒண்ணுதான்.

கொசுவுக்கு என்ன பண்றது? வலை அடிங்க. உப்புக்காத்துல சாதாரண இரும்பு வலை ரெண்டு மழைக்குத் தாங்காது, துருப்பிடிச்சு உதிரும். ஃபைபர் வலையை வெல்க்ரோ வெச்சு ஒட்டுங்க, வாடகை வீட்டுக்கும் சரிப்படும், காலி பண்ணும்போது கழட்டிக்கலாம். மாசத்துக்கு ஒருமுறை கழுவுங்க, தூசி அடைச்ச வலையில காத்து வராது. வலை இல்லாத வீடுன்னா பொழுது சாயுற நேரம் மட்டும் மூடுங்க, ராத்திரி கொசுவலைக்குள்ள படுத்துக்கிட்டுத் திறந்து வைங்க. டெங்கு கொசு பகல்ல கடிக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்தி அதைத் தடுத்துட்டதா நினைக்காதீங்க. அது முட்டை போடுறது உங்க ஜன்னலுக்கு மேலயே, சன்ஷேடுல தேங்குற தண்ணியில. ஏணி போட்டு ஒருதரம் எட்டிப் பாருங்க.

இப்போ காசநோய். நம்ம மாவட்டத்துலயே தாம்பரம் சானடோரியம் இருக்கு. இங்கிலாந்துல காசநோய் விடுதி நடத்தின டாக்டர் சவுரி முத்து 1928ல ஆரம்பிச்சது. அப்போ காசநோய்க்கு மருந்தே கிடையாது, ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943ல. திறந்த வெளிக் காத்து, வெயில், ஓய்வு, சாப்பாடு, இதுதான் வைத்தியம். காத்து காசநோயைக் குணப்படுத்தாது, மாத்திரைதான் குணப்படுத்தும். ஆனா பக்கத்துல படுக்கிறவருக்குத் தொத்தாம காக்குறதுல திறந்த ஜன்னலுக்கு இன்னிக்கும் மவுசு குறையல. பெரு நாட்டு லிமா ஆஸ்பத்திரிகள்ல அளந்து 2007ல வெளியிட்டாங்க: கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தா ரூம் காத்து மணிக்குச் சுமார் 28 தடவை மாறுது. மெஷின் வெச்ச ரூம்ல 12 தடவைதான். உயரமான கூரை, பெரிய ஜன்னல் வெச்ச பழைய கட்டடங்கள்தான் அதுல ஜெயிச்சது.

நம்ம ஊர்ல வேலைக்கு வந்த தம்பிங்க ஒரே ரூம்ல ஆறு பேர், எட்டு பேர் தங்குறாங்க. பல ரூம்ல ஒரே ஜன்னல், அதுவும் துருப்பிடிச்சு இறுகினது, இல்ல ஓனரே ஆணி அடிச்சு மூடினது. அதுல ஒருத்தருக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா மிச்ச ஏழு பேர் கதி? ஓனர் ஐயாமாரே, அட்வான்ஸ் வாங்கத் தெரியுது, ஒரு ஜன்னல் கீலுக்கு எண்ணெய் விட முடியாதா? தம்பிங்களா, ரெண்டு வார இருமலுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சளிப் பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். கடையில இருமல் மருந்து வாங்கி நாளைக் கடத்தாதீங்க.

எப்பவுமே மூடக் கூடாதான்னு கேக்காதீங்க. சாரல் அடிக்கிற பக்கத்தை மூடுங்க, எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். 2022 டிசம்பர்ல மாண்டஸ் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துலதான் கரையைக் கடந்தது, அப்படி ஒரு ராத்திரியில எல்லாத்தையும் தாழ் போட்டுக் கண்ணாடியை விட்டுத் தள்ளிப் படுங்க. கரண்ட் போச்சுன்னு ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ மூடின இடத்துல வெக்காதீங்க, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும். காத்து அடங்கின உடனே ஜன்னலைத் திறங்க.

அப்புறம் போகி. அன்னிக்கு விடியக்காலை தெருவே டயர் கொளுத்தும், அப்போ தாராளமா மூடிக்கோங்க. புகை அடங்கினதும் திறந்துடுங்க.