பாதை நம்முடையது இல்லைங்க!

"பனி கொட்டுற ஊருல மூணு மாசம் சறுக்கி விளையாடுவாங்க, சரி. மீதி ஒன்பது மாசம் ஈ ஓட்டுவாங்களா?" என்று வகுப்புத் தோழன் ஒருவன் கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் பல பனிப் பிரதேசக் கிராமங்களுக்கு இதுதான் சோற்றுப் பிரச்சினை. இதற்கு ஒரு பகுதி நல்ல விடை கண்டுபிடித்திருக்கிறது. அந்த விடை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலை, கனடா எல்லையை ஒட்டிய இடம். மூன்று கவுண்டிகளையும் சேர்த்து 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 64,000 பேர்தான். ஜார்ஜ் எய்க்கன் என்ற அரசியல்வாதி 1949இல் இதை 'நார்த்ஈஸ்ட் கிங்டம்' என்று அழைத்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. ராஜா யாரும் கிடையாது. மாட்டுப் பண்ணை, மேப்பிள் காடு, ஏரி, அவ்வளவுதான்.

இவர்களுடைய நாட்காட்டியைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஜே பீக், பர்க் மலைகளில் ஸ்கீயிங். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். ஸ்னோமொபைல் ஓட்டுபவர்களுக்கு 1967இல் தொடங்கிய 'வாஸ்ட்' என்ற சங்கம் மாநிலம் முழுக்க ஏறத்தாழ 5,000 மைல் பாதையைப் பராமரிக்கிறது. பனி இருந்தால் டிசம்பர் 16 முதல் ஏப்ரல் 15 வரை திறந்திருக்கும். மார்ச்சில் இரவு உறைந்து பகல் உருகும்போது மேப்பிள் மரத்தில் நீர் இறங்கும். நம்மூரில் பதநீரைக் காய்ச்சுவது போலக் காய்ச்சுவார்கள். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் நீர் வேண்டும். பிறகு தரையெல்லாம் சேறு. பாதைகளை மூடிவிடுவார்கள். மே மாதத்திலிருந்து மவுண்டன் பைக். அக்டோபரில் இலை சிவப்பதைப் பார்க்கக் கூட்டம். நவம்பரில் மான் வேட்டை. காட்டுக்குள் போகிறவர்கள் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் உடுத்திக்கொள்வது நல்லது! ஆக, ஈ ஓட்ட நேரமே இல்லை.

இதில் பெரிய வெற்றி பைக் பாதைகள்தான். 1994இல் பர்க் ஊரில் 'கிங்டம் டிரெயில்ஸ்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பு தொடங்கியது. இன்று 100 மைலுக்கு மேல் பாதை. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்குக் கனடாவிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

சரி, அந்த நிலமெல்லாம் யாருடையது? அரசாங்கக் காடு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. ஏறத்தாழ நூறு தனியார் உரிமையாளர்களின் நிலம். வாடகை கிடையாது. "போய்க்கோங்க" என்று சொன்னதுதான் மூலதனம். ஸ்னோமொபைல் பாதைகளும் பெரும்பாலும் தனியார் நிலத்தில்தான் ஓடுகின்றன.

இது அந்த மாநிலத்தில் ஊறிப்போன பழக்கம். வேலியிடாத நிலத்தில் யாரும் வேட்டையாடலாம் என்று 1777ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. வேட்டைக்காரர் வேண்டாம் என்றால் உரிமையாளர்தான் மெனக்கெட வேண்டும்: நிலத்தைச் சுற்றிப் பலகை மாட்டி, வருடா வருடம் தேதி எழுதி, ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிட்டால், அங்கே யாராவது விழுந்து அடிபட்டாலும் உரிமையாளர் மீது எளிதில் வழக்குப் போட முடியாதபடி சட்டப் பாதுகாப்பும் உண்டு.

இவ்வளவு இருந்தும் 2019 டிசம்பரில் அடி விழுந்தது. டார்லிங் ஹில் என்ற மேட்டில் நிலம் வைத்திருந்த மூன்று பேர் "இனி எங்கள் நிலத்தில் பைக் கூடாது" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே பேர்! ஆனால் பலரும் விரும்பி ஓட்டிய பாதைகள் அங்கேதான் இருந்தன. வலைப்பின்னலின் நடுவே ஓட்டை விழுந்தது.

அவர்களைத் திட்டியவர்கள் உண்டு. எனக்குத் திட்டத் தோன்றவில்லை. பத்துப் பேர் போனபோது கொடுத்த அனுமதி அது. ஆயிரக்கணக்கில் வந்து, வாசலில் கார் நிறுத்தி, குதிரையில் போகிறவரை மிரள வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இலவசமாகக் கிடைப்பதை உரிமை என்று நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள வியாதி.

"அப்படியென்றால் பெரிய ஹோட்டல் கட்டி முறையாகத் தொழில் பண்ணலாமே?" என்பீர்கள். பண்ணினார்கள். ஜே பீக்கில் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டால் கிரீன் கார்டு என்று வெளிநாட்டினரிடம் 35 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். அதில் 20 கோடிக்கு மேல் முறைகேடாகக் கையாளப்பட்டது என்று 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. 2022இல் முக்கியமானவர்களுக்குச் சிறை. ஹோட்டல்களும் உள்ளரங்க நீர் விளையாட்டுப் பூங்காவும் நிஜமாகவே வந்தன, வேலையும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் நியூபோர்ட் ஊரின் நடுவே, இந்தத் திட்டத்துக்காகக் கட்டடங்களை இடித்த இடம் வருடக்கணக்கில் வெறும் பள்ளமாகக் கிடந்தது. சில பேரின் பேராசையில் ஒரு பகுதியே மாட்டிக்கொண்டது.

இன்னொரு வழி நார்வே. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடாத நிலத்தில் வருடம் முழுக்க யாரும் நடந்து போகலாம். யாருடைய நிலம் என்ற கேள்வியே இல்லை. கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் வெர்மாண்ட் முறையில் ஒரு நல்லது இருக்கிறது. நிலத்துக்காரர் "முடியாது" என்று சொல்ல முடியும் என்பதால்தான் வருகிறவன் ஒழுங்காக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த முறை பிழைக்க வேண்டுமென்றால் சும்மா நன்றி சொன்னால் போதாது. காட்டைக் காடாகவே வைத்திருப்பவர்களுக்கு வெர்மாண்டில் வரிச்சலுகை உண்டு; ஆனால் அதற்கும் பாதை விடுவதற்கும் சம்பந்தமில்லை. பாதை விடுபவருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் என்ன? விருப்பமுள்ளவர்களிடம் பாதை உரிமையைக் காசு கொடுத்துப் பத்திரத்தில் எழுதி வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் காலமாகி, நிலம் வேறு கைக்குப் போகும் அன்றே பாதையும் போய்விடும். கூட்டம் அலைமோதும் வார இறுதிகளில் சீட்டுக்கு ஒரு எண்ணிக்கை வைக்கலாம். வருமானம் குறையும்தான். நடுவில் ஓட்டை விழுவதைவிட அது மேல்.

பனி குறைந்தால் மெஷின் வைத்துச் செய்துகொள்ளலாம். அதே பகுதியில் கிராஃப்ட்ஸ்பரியில் 2018இல் பனியைக் குவித்து, மேலே மரச்சீவலைப் போட்டு மூடி, கோடை முழுக்கப் பாதிக்கு மேல் உருகாமல் காப்பாற்றியே காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் நல்லெண்ணம் உருகிவிட்டால், அதை மூடிவைக்க எந்த மரச்சீவல் இருக்கிறது?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? திட்டுவதாக இருந்தாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.