டேப்பு சுத்தினா தண்ணி நிக்குமா?

சித்தூர், திருப்பதிப் பக்கத்து ஆளுங்க யாரோட பேசினாலும் அஞ்சு நிமிஷத்துல பேச்சு போருக்கு வந்துடும். சண்டை போடுற போர் இல்லீங்க, தண்ணி எடுக்குற போர் :-)

"மோட்டார் போயிடுச்சு"ன்னு ஊர்லேர்ந்து போன் வரும். நாம இங்கேருந்து பணம் அனுப்புவோம். புது மோட்டார் இறங்கும். ரெண்டு கோடை தாண்டினா மறுபடி அதே போன். வோல்டேஜ் சரியில்லை, தண்ணி சரியில்லை, கம்பெனி சரியில்லைன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. அதெல்லாம் பொய்யின்னு சொல்ல வரலை. வோல்டேஜ் குறைஞ்சாலும், தண்ணியில்லாம ஓடினாலும் மோட்டார் எரியத்தான் செய்யும். ஆனா மோட்டாருக்கும் கேபிளுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு சாண் ஜாயின்ட்டைப் பத்தி மட்டும் யாரும் வாய் திறக்கிறதில்லை. என் கோபம் அதுமேலதான்.

நம்ம ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். சுவர்ணமுகி, நீவா ரெண்டுமே மழை பெஞ்சாதான் ஆறு, இல்லேன்னா மணல். கபிலை ஓட்டின கிணறெல்லாம் வத்திப்போய், பல இடத்துல ஆயிரம் அடிக்குப் போர் போட்டாச்சு. நிலத்தடி நீரைக் காக்க 2002-ல ஆந்திராவுல சட்டம் வந்துச்சு. 2004-ல விவசாயத்துக்கு இலவச கரண்ட் வந்துச்சு. 2022-ல சித்தூர் மாவட்டத்தைப் பிரிச்சு திருப்பதி தனி மாவட்டமும் ஆச்சு. கரண்ட் இலவசம்தான், ஆனா காயில் கட்டுற காசு இலவசம் இல்லையே!

சரி, அந்த ஜாயின்ட்டுக்கு என்ன ஆகுது? சப்மெர்சிபிள் மோட்டாரோட கொஞ்சம் ஒயர்தான் வரும். அதோட மூணு கோர் தட்டைக் கேபிளை இணைக்கணும். இணைச்ச இடம் தண்ணிக்குள்ளேயே இருக்கும். பத்து மீட்டர் தண்ணிக்கு ஒரு சதுர சென்டிமீட்டர்ல சுமார் ஒரு கிலோ அழுத்தம். நூறு மீட்டர் தண்ணிக்கு அடியில பத்து கிலோ. வெறும் பிவிசி டேப்பும் அதோட பசையும் இதைத் தாங்கும்னு எந்த நம்பிக்கையில இறக்குறோம்?

அழுத்தம் மட்டும்னா கூட சமாளிச்சிடலாம். வளையுறதுதான் வில்லன். மோட்டாரை வெளிய எடுக்கிறப்ப கேபிளைத் தரையில சுருட்டிப் போடுறாங்க. திரும்ப இறக்குறப்ப நிமிர்த்துறாங்க. தண்ணி இறங்கிப் போச்சுன்னு பைப் சேர்த்தா கேபிளும் சேர்க்கணும், அங்க இன்னொரு ஜாயின்ட். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தா கரண்ட் வர்றப்பல்லாம் மோட்டார் ஒரு முறுக்கு முறுக்கிக் கிளம்பும். பைப்போட சரியாக் கட்டாத கேபிள் ஒவ்வொரு தடவையும் ஆடும்.

டேப் சுத்தின இடம் விறைப்பா இருக்கும், ரெண்டு பக்கமும் கேபிள் மெதுவா இருக்கும். அப்ப வளைவு முழுக்க எங்க விழும்? டேப் முடியுற அந்த ஓரத்துல. தினம் கொஞ்சம் கொஞ்சமா ஓரம் மயிரிழை அளவுக்குத் தூக்கும். மோட்டார் ஓடுறப்ப சூடாகி உள்காத்து விரியும், நின்னா குளிர்ந்து சுருங்கித் தண்ணியை உள்ள இழுக்கும். உள்ள போன தண்ணி செம்புக் கம்பி இழைகளுக்கு நடுவுல, விளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி ஏறும். அப்புறம் ஏழுமலையானுக்கு முடி காணிக்கை கொடுத்தாலும் மோட்டார் நிக்காது.

இதுக்கு ஊர்ல சொல்ற வைத்தியம், "இன்னும் நாலு சுத்து சுத்துப்பா." அதனால விறைப்பு கூடும், ஓரத்துல விழுற வளைவும் கூடும். வெளிநாட்டுல இருக்கிற நம்மாளுங்க சொல்ற வைத்தியம், "ஐபி 68 கனெக்டர் வாங்கிப் போடு." ஐயா, அந்தச் சோதனை அசையாம மூழ்கி இருக்கிற பொருளுக்கு. எந்த ஆழம், எவ்வளவு நேரம்ங்கிறதைத் தயாரிப்பாளர்தான் சொல்லணும். ஆயிரம் தடவை வளைச்சா என்ன ஆகும்னு அந்த எண் ஒரு வார்த்தை சொல்லாது.

தண்ணி புகாம அடைக்கிறது ஒரு வேலை. வளைவு அங்க வராம பாத்துக்கிறது வேற வேலை. ரெண்டாவதைச் செய்யாம முதலாவது நிக்காது. ஜாயின்ட் இருக்கிற இடம் வளையக் கூடாது, வளையுற இடத்துல ஜாயின்ட் இருக்கக் கூடாது. அம்புட்டுதான்.

செய்யறதும் பெரிய வித்தை இல்லை. கம்பியை முறுக்கி விடாம செம்புக் குழாய் போட்டு அமுக்கணும். மூணு கோரையும் ஒரே இடத்துல இணைக்காம முன்னப்பின்ன தள்ளி இணைக்கணும். கேபிள் மேல்தோலைத் துடைச்சு, லேசா சொரசொரப்பாக்கி, தன்னோடவே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை நல்லா இழுத்து, பாதிக்குப் பாதி ஏறுற மாதிரி சுத்தணும். பிவிசி டேப் அதுக்கு மேல சட்டை மாதிரிதான். இல்லைன்னா உள்ளே பசை தடவின சுருங்குற குழாய் போடலாம். ஜாயின்ட்டுக்கு மேலயும் கீழயும் கேபிளைப் பைப்போட கட்டணும். இறக்குறதுக்கு முன்னாடி ஜாயின்ட்டை ஒரு வாளித் தண்ணியில முக்கி, மெக்கர் வெச்சுப் பாக்கணும். மோட்டாரை ஏத்தி இறக்குற ஒவ்வொரு தடவையும் இந்த வாளிச் சோதனை வேணும்.

மெக்கானிக்கைத் திட்டாதீங்க. மோட்டாரை ஏத்த இறக்கத்தான் அவருக்குக் கூலி. ஜாயின்ட்டுக்குன்னு யாராவது தனியாக் காசு கொடுத்திருக்கோமா? புது மோட்டாருக்குக் கணக்குப் பாக்காம அனுப்புற நாம, ரப்பர் டேப்புக்கு "அதெல்லாம் எதுக்கு"ன்னு கேக்குறோம்.

காசு போனா சம்பாதிச்சிக்கலாம். ஜாயின்ட் கசிஞ்சா இரும்புப் பைப்புல கரண்ட் வரலாம். ஈர வயல், வெறுங்கால், எர்த் இல்லாத ஸ்டார்ட்டர் பெட்டி. கசிவைக் கண்டு டிரிப் ஆகுற கருவியைத் தொந்தரவுன்னு கழட்டிட்டு நேராக் கட்டி ஓட்டுறவங்களை என்ன சொல்ல? அது எச்சரிக்கை மணி, அதோட வாயைக் கட்டினா மணி நிக்கும், ஆபத்து நிக்காது.

வயல் இல்லை, வீடு மட்டும்தான்னு சொல்றவங்களும் தப்பிக்க முடியாது. சம்ப்புல மிதக்குற பந்து சுவிட்ச் இருக்கா? அது தண்ணி ஏற இறங்க தினமும் வளையுற கேபிள். அதுல தொட்டிக்குள்ள ஜாயின்ட்டே இருக்கக் கூடாது. வெளிய வரைக்கும் ஒரே கேபிள்தான்.

அடுத்த தடவை "மோட்டார் போச்சு"ன்னு போன் வந்தா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. பழைய ஜாயின்ட்டை அறுத்துப் பாத்தீங்களா, உள்ள ஈரம் இருந்துச்சா? புது ஜாயின்ட்டை வாளியில முக்கிப் பாத்தாச்சா? எர்த் போட்டிருக்கா? மூணுக்கும் பதில் வந்தப்புறம் அனுப்புங்க. கூடவே ஜாயின்ட் கூலின்னு தனியா ஒரு தொகையும் சேத்து அனுப்புங்க.