வீடு வரட்டும்... ரோட்டுக் கணக்கு முதல்ல வரட்டும்!



வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் காலை எட்டு மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. ஒரு முனையில் ஜி.எஸ்.டி. ரோடு, மறுமுனையில் ஓ.எம்.ஆர். நடுவில் கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம். காலேஜ் பஸ், ஸ்கூல் வேன், ஐ.டி. கம்பெனி கேப், தண்ணி லாரி, டூவீலரில் குழந்தையை முன்னாடி நிறுத்திக்கொண்டு போகும் அப்பா - எல்லாருக்கும் அதே ரோடுதான். ரெண்டு பக்கமும் புதுசு புதுசாக விளம்பரப் பலகை: "ஆயிரம் வீடுகள்", "நகரத்துக்கு மிக அருகில்".

வீடு கட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வாடகை ஏறிக்கொண்டே போகும் ஊரில் வீடுகள் தேவை. நாம் கேட்பது ஒன்றுதான்: இத்தனை வீடு வந்தால் இந்த ரோடு தாங்குமா என்று யார் கணக்குப் போட்டார்கள்? அந்தக் கணக்கு எங்கே?

நாமே போட்டுப் பார்ப்போம்.

1,500 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். காலை நெரிசல் நேரத்தின் ஒரு மணி நேரத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு கார் வெளியே வந்தால் 500 கார். கூடவே 600 டூவீலர். இந்திய சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) வழிகாட்டுதலில் ஒரு காரை 1 என்று எடுத்துக்கொண்டு, டூவீலர்கள் அதிகம் ஓடும் ரோட்டில் ஒரு டூவீலரை 0.75 என்று எண்ணுவார்கள். 600 டூவீலர் 450 காருக்குச் சமம். மொத்தம் 950.

ரோட்டின் தாங்கும் திறன் எவ்வளவு? துணைப் பிரதான சாலை வகையில், ரெண்டு வழித்தடம் உள்ள இருவழிச் சாலைக்கு அதே ஐ.ஆர்.சி. சொல்லும் அளவு மணிக்கு 1,200, அதுவும் ரெண்டு திசையும் சேர்த்து. அப்படி ஒரு ரோட்டின் திறனில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை ஒரே ஒரு குடியிருப்பு எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே அந்த ரோட்டில் ஓடும் வண்டிகள் எங்கே போகும்?

இதில் தண்ணியைச் சேர்க்கவே இல்லை. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றால் 8,10,000 லிட்டர். அதில் பாதி லாரியில் வருகிறது என்று வைத்தாலும், 12,000 லிட்டர் லாரி தினமும் 34 நடை வர வேண்டும். வந்து போவதோடு சேர்த்தால் 68 லாரி ஓட்டம். ஓ.எம்.ஆர். பகுதியில் குடியிருப்பவர்களுக்கு இது கற்பனை இல்லை, அன்றாடம் பார்ப்பதுதான். கட்டி முடிக்கும் வரை ஓடும் மண் லாரி, கான்கிரீட் லாரி தனி.

சட்டம் என்ன சொல்கிறது?

2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்பு உள்ள திட்டங்கள் முன் அனுமதி பெற வேண்டும். அதற்கான படிவத்தில் பார்க்கிங் தட்டுப்பாடு வருமா, இப்போதுள்ள போக்குவரத்து வசதி என்ன, நுழையும் வெளியேறும் வாசலில் நெரிசலை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்விகள் இருக்கின்றன. நல்ல கேள்விகள்தான். ஆனால் பதில் எழுதுவது யார்? வீடு கட்டி விற்பவர் பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசகர். அந்தப் பதிலைக் கேள்வி கேட்க ஊர் மக்களுக்கு வாய்ப்பு? கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்திலிருந்தே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ரோட்டில் தினமும் நிற்பவனைத் தவிர மற்ற எல்லாரும் கையெழுத்துப் போடுகிறார்கள்!

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனைக்கு முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு கட்டலாம் என்று முடிவு செய்கின்றன. சாலை 18 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், பணம் கட்டி 50 சதவீதம் வரை கூடுதல் தளப்பரப்பு வாங்கலாம். விதி அகலத்தை அளக்கிறது. அந்த அகலத்தில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று அளப்பதில்லை. வாசலில் 18 மீட்டர் இருக்கும். அரை கிலோமீட்டர் தள்ளி ஜங்ஷனில் கழுத்து இறுகும். வண்டி சிக்குவது வாசலில் இல்லையே, ஜங்ஷனில்தானே?

ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் பெரிய மோசடி. "எங்கள் திட்டத்தால் பத்து சதவீதம்தான் கூடும்" என்று ஒருவர் சொல்வார். அடுத்த மனைக்காரரும் அதையே சொல்வார். அப்படி ஆறு பேர் சொன்னால் அறுபது சதவீதம். அந்த அறுபதை எந்த ஃபைலிலும் பார்க்க முடியாது.

அரசே கட்டினாலும் இதே கதை

தனியாரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அரசு கட்டியது. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, மார்க்கெட் வேலை எல்லாம் நகரத்துக்குள்ளே. வீடு ஊருக்கு வெளியே. பஸ் கிடைக்காத நாளில் சம்பளமும் கிடைக்காது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. முதலில் கட்டு, அப்புறம் வழியைத் தேடு - இந்தப் பழக்கம் மாற வேண்டும்.

மெட்ரோ வருகிறதே என்பார்கள். மாதவரத்திலிருந்து வரும் பாதை சிறுசேரி சிப்காட்டோடு நிற்கிறது. மாம்பாக்கத்தில் வீடு வாங்கியவர் அங்கே போய்ச் சேர எதில் போவார்? மறுபடியும் அதே ரோட்டில், அதே டூவீலரில்.

நாம் கேட்பது:

🔴 போக்குவரத்துத் தாக்க அறிக்கையை அனுமதிக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் வார்டு அலுவலகத்திலும் வைத்து, கிராம சபையில் விவாதிக்க வேண்டும்.

🔴 அதே சாலையில் அனுமதி வாங்கி இன்னும் குடியேறாத எல்லாத் திட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

🔴 பள்ளி நாளில், காலையும் மாலையும் எண்ண வேண்டும். விடுமுறை நாள் கணக்கு செல்லாது. தண்ணி லாரி, கழிவுநீர் லாரி, டெலிவரி வண்டி அத்தனையும் அதில் வர வேண்டும்.

🔴 கட்டுநர்களிடம் வசூலிக்கும் கட்டமைப்பு மற்றும் வசதிக் கட்டணமும், கூடுதல் தளப்பரப்புக்கான பணமும் முதலில் அந்த வட்டாரத்துச் சாலைக்கே வர வேண்டும். நடைபாதை, பஸ் நிறுத்தம், ரோடு கடக்கும் வசதி முடிந்த பிறகே பணி நிறைவுச் சான்று!

🔴 குடியேறி ஒரு வருடம் கழித்து மறுபடி எண்ண வேண்டும். சொன்னதும் நடந்ததும் பொருந்தவில்லை என்றால் அறிக்கை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும்.

நீங்களும் செய்யலாம் தோழர்களே. உங்கள் பகுதியில் வரும் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும், எடுத்துப் படியுங்க. இல்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்க. 30 நாளில் பதில் தர வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஜங்ஷனில் எட்டிலிருந்து ஒன்பது வரை நின்று வண்டியை எண்ணுங்க. கார், டூவீலர், ஆட்டோ, பஸ், லாரி எனத் தனித்தனியாக நோட்டில் எழுதுங்க. அவர்களுடைய அறிக்கையையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதிகாரியிடம் கேளுங்க.

புது வீட்டுக்கு வருபவர் நமக்கு எதிரி இல்லை. முப்பது வருட இ.எம்.ஐ. கட்டப்போகிற அவரும் இதே நெரிசலில்தான் நிற்கப் போகிறார். ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்காமல் போனால் அவர் வீட்டு நோயாளிக்கும் நம் வீட்டு நோயாளிக்கும் ஒரே கதிதான். அதனால் இந்தக் கேள்வியை அவரையும் சேர்த்துக்கொண்டே கேட்போம்.

#ரோட்டுக்_கணக்கைக்_காட்டு