ஒரே கோடை, இரண்டு பயணங்கள்

1873ஆம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், கவுன்சில் குரோவ் என்ற ஊரையொட்டி வாழ்ந்த கான்சா பூர்வகுடிகள் ஐந்நூறு பேருக்கு மேல் தங்கள் மண்ணை விட்டுத் தெற்கே கிளம்பினார்கள். அந்த மாநிலத்துக்குப் பெயர் தந்ததே அவர்களுடைய குலம்தான். அதே கோடையில் மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் தூதர்கள் பன்னிரண்டு பேர் வட அமெரிக்காவில் குடியேற நிலம் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். சிலர் கான்சாஸையும் சுற்றிப் பார்த்தார்கள்.

மறு ஆண்டே கப்பல்கள் வந்தன. தென்ரஷ்யாவின் மொலோச்னா பகுதியில் அலெக்சாண்டர்வோல் என்றொரு கிராமம் இருந்தது. அங்கிருந்த சபையார் ஏறத்தாழ முழுவதுமாக இரண்டு கப்பல்களில் வந்து, கான்சாஸில் இன்றைய கெசல் ஊரைச் சுற்றிக் குடியமர்ந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ரஷ்யாவிலிருந்து சுமார் 18,000 மென்னோனைட்டுகள் வட அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார்கள்.

அவர்களை விரட்டியது பஞ்சமல்ல, மனசாட்சி. 16ஆம் நூற்றாண்டில் பிறந்த இந்தக் கிறித்தவப் பிரிவினர், மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் பெயரால் அறியப்பட்டவர்கள். ஆயுதம் ஏந்துவதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை என்பதில் உறுதியாக நின்றதால் ஊர் ஊராகத் துரத்தப்பட்டவர்கள். 1789 முதல் ரஷ்யப் பேரரசு அவர்களைத் தினீப்பர் நதிக்கரையில் குடியமர்த்தியது. படைச்சேவையிலிருந்து என்றென்றைக்கும் விலக்கு என்று 1800இல் பேரரசர் முதலாம் பவுல் எழுதியே கொடுத்தார். அந்த 'என்றென்றைக்கும்' முக்கால் நூற்றாண்டுகூடத் தாங்கவில்லை. 1874இல் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது.

கான்சா மக்களின் கையிலும் இப்படிப்பட்ட காகிதங்கள் இருந்தன. 1825 ஒப்பந்தத்தில் தங்கள் பூமியில் பெரும்பகுதியை இழந்தார்கள். 1846இல் எஞ்சியதையும் கொடுத்துவிட்டு, கவுன்சில் குரோவ் அருகே 2,56,000 ஏக்கருக்குள் அடங்கினார்கள். 1859இல் அதுவும் சுமார் 80,000 ஏக்கராகச் சுருங்கியது. 1873இல் அதையும் விட்டுப் போகவேண்டியதாயிற்று.

அரசின் வாக்கு பொய்த்ததால் பெயர்ந்த இரண்டு மக்கள் கூட்டங்கள். ஒன்றுக்குப் புதிய தாயகம் காத்திருந்தது. மற்றொன்று தன் தாயகத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. கான்சாஸின் குடியேற்ற வரலாற்றை இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

இப்போது பரவலாகச் சொல்லப்படுவது கோதுமையின் கதை. மென்னோனைட்டுகள் 'டர்க்கி ரெட்' என்ற கோதுமை விதையைக் கொண்டுவந்தார்கள். இலையுதிர் காலத்தில் விதைத்தால் குளிர்காலத்தைத் தாங்கி, அடுத்த கோடையின் தொடக்கத்தில் அறுவடைக்கு வரும் ரகம். மணி கடினமானது; கல் எந்திரத்தில் சரியாக அரைபடாது. உருளை ஆலைகள் வந்த பிறகுதான் அதற்கு மதிப்புக் கூடியது. ரஷ்யாவிலிருந்து வந்த பெர்ன்ஹார்ட் வார்கென்டின் ஹால்ஸ்டெட்டிலும் நியூட்டனிலும் மாவு ஆலைகள் நடத்தி அதைப் பரப்பினார். கான்சாஸ் கோதுமை மாநிலமானதில் இந்த உழவர்களின் பங்கு பெரிது. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே.

அவர்கள் யாரையும் அடித்து விரட்டவில்லை, சாண்டா ஃபே ரயில் நிறுவனத்திடம் காசு கொடுத்துத்தானே நிலம் வாங்கினார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ரயில் நிறுவனத்துக்கு அந்த நிலம் எங்கிருந்து வந்தது? சுமார் 30 லட்சம் ஏக்கரை அரசு மானியமாகத் தந்தது. தண்டவாளம் போட்டால் போதாது, ஏற்றிச்செல்ல விளைச்சலும் வேண்டும் என்பதால் நிறுவனம் உழவர்களைத் தேடி ஐரோப்பாவுக்கே ஆள் அனுப்பியது. மாநிலச் சட்டமன்றமும் 1874இல் மென்னோனைட்டுகளுக்குக் குடிப்படைச் சேவையிலிருந்து விலக்களித்தது.

கான்சா, ஓசேஜ் மக்கள் காட்டெருமை வேட்டையாடிய புல்வெளி, பத்திரத்தில் வெறும் நிலமாக மாறியது இப்படித்தான். ஆயுதத்தைத் தொடாதவர்களின் அமைதியான கிராமங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்தது ஓர் அரசின் பலவந்தம். இதைச் சொல்வது அந்த உழவர்கள்மேல் பழிபோடுவதாகாது. வன்முறையில் பங்கில்லை என்பதை உயிராகக் கருதும் சமூகம்தான், நிலம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை மற்றவர்களைவிட ஆழமாகக் கேட்டுக்கொள்ள முடியும். அவர்களில் பலர் இன்று கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள்.

கேள்வி தேவாலயத்தோடு நின்றுவிடக் கூடாது. நியூட்டன் நகரப் பூங்காவில் மென்னோனைட் குடியானவருக்குக் கற்சிலை இருக்கிறது. கெசலில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 1874இன் கதையை 1873 ஜூனிலிருந்து தொடங்கிச் சொல்லவேண்டும். பிறகு அவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கவுன்சில் குரோவுக்கும் அழைத்துப் போகவேண்டும். அது வெகுதூரமில்லை. அங்கே தங்கள் பழைய மண்ணில் இருநூறு ஏக்கருக்கும் குறைவான ஒரு துண்டை, 2000ஆம் ஆண்டில் கான்சா மக்கள் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி, நினைவுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள்.