வயல்தான் முதலில் கைவிட்டது

நாகை, திருவாரூர் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் புலம்பல் காதில் விழும். "பசங்க சிங்கப்பூர், துபாய், திருப்பூர்னு போயிட்டானுங்க. மாசாமாசம் பணம் வருது. வீட்ல இருக்கறவங்க வயல்ல இறங்க மாட்டேங்கறாங்க." கூடவே 100 நாள் வேலைக்கும் ஒரு வசவு. இப்படிப் பேசுகிறவர்களில் பலருடைய பிள்ளைகள் எப்போதோ சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மிராசுதார் மகன் போனால் முன்னேற்றம், கூலிக்காரர் மகன் போனால் திமிர்!

முதலில், வயலில் வேலை எங்கே இருக்கிறது? ஒரு ஏக்கர் நெல்லை ஒரே நாளில் அறுத்துக் கட்டிக் களம் சேர்க்க 15 பேராவது வேண்டும். அடித்துத் தூற்றுவது தனி. பெல்ட் வைத்த அறுவடை வண்டி அத்தனையையும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்கு நகர்ந்துவிடுகிறது. பெண்கள் குனிந்து களை பறித்த இடத்தில் களைக்கொல்லி. நடவுக்குப் பதில் பல இடங்களில் நேரடி விதைப்பு. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத ஆண்டுகளில் குறுவையே சந்தேகம். வருஷத்தில் சில வாரம் கூப்பிட்டுவிட்டு, மற்ற மாதமெல்லாம் எதைச் சாப்பிடச் சொல்கிறார்கள்? அந்த 100 நாள் வேலையா? 2005-ல் வந்த சட்டம் 100 நாள் என்று சொன்னது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். அதுவும் முழுதாகக் கிடைத்த வீடு அபூர்வம்.

சரி, அந்த வெளிநாட்டுப் பணத்தையும் எண்ணிப் பார்த்துவிடலாம். ஏஜெண்டுக் கட்டணத்துக்கு அரசு வைத்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். ஊரில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ஏஜெண்டுக்குக் கட்ட ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டுமே மாதம் 4,500. தொடக்கத்தில் அனுப்புவதில் பெரும்பங்கு வட்டிக்காரர் வாசலோடு நின்றுவிடும். அப்புறம் அடகு நகை, தங்கச்சி கல்யாணம். அதற்கும் மேல் மிஞ்சினால் கூரையைப் பிரித்துவிட்டு ஒரு தளம். பூச்சு வேலை முடியாமல், தூணுக்கு மேல் கம்பி நீட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் நிற்கும் அந்த வீட்டைத்தான் ஊர் 'வசதி' என்கிறது.

அந்தப் பணம் ஒன்றை மாற்றியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆள் விட்டுக் கூப்பிட்டதும் வாசலில் வந்து நிற்க வேண்டியதில்லை. "இந்தக் கூலி கட்டாதுங்க" என்று சொல்ல முடிகிறது. கூலி கூட்டிக் கேட்ட போராட்டத்தின் பகையில் 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த மண்ணில் இது சின்ன விஷயமல்ல. 'ஆள் வரவில்லை' என்ற கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதில் வேடிக்கை, இப்போது டெல்டாவில் பல ஊர்களில் நாற்று நடுவது மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் குழுக்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடுகிறார்கள், அவர்களும் ஊருக்குத்தான் பணம் அனுப்புகிறார்கள். அவர்களை மட்டும் உழைப்பாளிகள் என்று மெச்சுகிறோம். உள்ளூர்ப் பெண் நடவுக்கு வந்தால் ஆண் கூலியைவிடக் குறைத்துத்தான் கையில் வைக்கிறோம். ஒரே ஒரு பருவம் அவளுக்கும் ஆண் கூலியையே கொடுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் டீக்கடையில் பேசிக்கொள்ளலாம்.